சித்தியின் எட்டும் மாமாவின் எச்சும்

லைசென்ஸ் டெஸ்டில் மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு வந்த அன்று சாயங்காலம், சித்தி சர்ச் முற்றத்தில் ஸ்கூட்டரை எடுத்து இருபது எட்டு போட்டாள். இருபதிலும் கால் தரையில் படவில்லை. நான் பின்சீட்டில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது எட்டில் சித்தி, கணக்கு வீட்டுப்பாடம் முடித்தாயா என்று என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வளைவில் திரும்பினாள். இப்படி ஓட்டுகிற ஒருத்தியை எப்படி மூன்று தடவை தோற்கடித்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. டெஸ்ட் நடத்தும் இன்ஸ்பெக்டருக்குக் கண் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கேரளப் பக்கத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், அமரவிளையிலிருந்து உள்ளே இறங்கும் சாலையில் எங்கள் வீடு. ஒரே விளைக்குள், ஒரே தோப்புக்குள், இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்களும் சித்தியும், மற்றொன்றில் மாமா. அம்மாவுக்கு மாமா அண்ணன், சித்தி தங்கை. அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால் ஸ்கூட்டருக்கு எட்டு, காருக்கு எச்சு. மைதானத்தில் எட்டு வடிவத்தில் கம்பிகளை நட்டு வைத்திருப்பார்கள். அதற்குள் காலை ஊன்றாமல், கம்பியில் முட்டாமல் சுற்றி வெளியே வரவேண்டும். காருக்கு அதே மாதிரி ஆங்கில எச் எழுத்து. அதற்குள் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், பின்னே வரவேண்டும். ஒரு மனிதர் வண்டி ஓட்டத் தகுந்தவரா இல்லையா என்பதை இந்த ஓர் எண்ணும் ஓர் எழுத்தும்தான் தீர்மானித்தன.

சித்தி நர்சிங் படித்தவள். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணைத் துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு வரும் வேலை. உள்ளூர் இடவழிகளில் பஸ் போகாது. அதனால் ஸ்கூட்டர் லைசென்ஸ் கட்டாயம். அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குச் சித்தியை மிகவும் பிடித்திருந்தது. அதனால் ஒரு தடவை பொறுத்தார், இரண்டாம் தடவையும் பொறுத்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு, அடுத்த டெஸ்ட் வரைதான், அதற்கு மேல் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று போனில் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

சித்தி பயந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருமுறை பக்கத்து விளையில் ரப்பர் வெட்டுகிறவருக்குக் கத்தி நழுவி உள்ளங்கை பிளந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கூடியிருந்த ஆண்கள் ஆளுக்கொரு திசையில் ஓடி, ஆளுக்கொரு துணியோடு திரும்பி வந்தார்கள். சித்தி துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்து, அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த துணியைத் துவைக்கப் போனாள். எங்கள் சபையிலேயே இரண்டு அக்காக்களுக்கு அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டப் பழக்கினாள். இருவரும் முதல் தடவையே பாஸ். சித்தி மட்டும் அந்த மைதானத்துக்குள் போனால் வேறு யாரோ ஆகிவிடுவாள்.

முதல் தடவை போனபோது மாமா தன் ஜீப்பில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். சித்திக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று அம்மா, நான், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், போகிற வழியில் ஏறிக்கொண்ட அறிமுகமில்லாத ஒரு பெரியவர். மாமா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். முதுகை நிமிர்த்து, கையை விறைக்காதே, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகு, பார்வை முன்னே இருக்கட்டும். கடைசியாகச் சித்தி வரிசையில் நிற்கும்போது கம்பி வேலிக்கு வெளியிலிருந்து மாமாவின் சத்தம்.

"பிள்ளே, கம்பிய மட்டும் பாக்காத, கேட்டியா! கம்பிய மட்டும் பாக்கப்படாது!"

சித்தி அதன்பிறகு கம்பியை மட்டுமே பார்த்தாள். முதல் வளைவிலேயே வண்டி கம்பியை நோக்கிச் சாய, காலை ஊன்றிவிட்டாள். இரண்டாம் தடவை கால் ஊன்றக்கூடாது என்ற ஒரே நினைப்பில் காலைப் பலகையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நேராகப் போய்க் கம்பியில் முட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாமா ஆராதனையில் எழுந்து நின்று, தங்கையின் எட்டுக்காகச் சபை ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சபையும் மனமுருகி ஜெபித்தது. அன்றிலிருந்து சித்தி கடைக்குப் போனாலும் பஸ்ஸுக்கு நின்றாலும் யாராவது ஒருவர் வந்து எட்டு என்னாச்சு என்று கேட்டார்கள். மூன்றாம் தடவை எட்டை ஒரு குறையும் இல்லாமல் சுற்றி முடித்தாள். வெளியே வருகிற கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டு, காலை இறக்கிவிட்டாள்.

ஒவ்வொரு தோல்விக்கும் எங்கள் வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் தடவை, சித்தி போட்டிருந்த காப்பிக்கலர் சுடிதார். இரண்டாம் தடவை, புறப்படும்போது மாமா வண்டியை ரிவர்ஸ் எடுத்தது. மூன்றாம் தடவை அம்மா என் பக்கம் திரும்பினாள். மூன்று தடவையும் கூடப் போனது யார்? நான் அழ ஆரம்பித்தேன். சித்தி, அவள் வரவில்லை என்றால் நானும் போகமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இப்போது நான் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். வார்டில் நாள் முழுக்கச் சளைக்காமல் ஊசி போடுகிற பெண், பரீட்சை அன்று நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றால் மருந்துக் குப்பியின் மூடியைத் திறக்கத் தெரியாமல் தடுமாறுகிறாள். தெரியாததால் அல்ல, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பதால். மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யோசித்தால் யாருக்கும் கால் பின்னும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது சுடிதார் நிறம்தான்.

அந்த மூன்றாம் தோல்வியன்று, சர்ச் முற்றத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது மாமா எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக ஜீப் ஓட்டுகிற மனிதர் அவர். ஒற்றசேகரமங்கலத்தில் இருந்த சொந்தத் தோட்டத்திலிருந்து வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு, மழையில் ரோடே தெரியாத மேட்டுப் பாதையில் ஒரு கையால் ஓட்டி வருவார். மறு கை வெளியே தொங்கும். அமரவிளை செக்போஸ்டில் நிற்கிறவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாரே தவிர, வண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

சித்தி முகம் கழுவ உள்ளே போனாள். மாமா விடவில்லை. சட்டைப்பையிலிருந்து பர்சை எடுத்து, அதற்குள்ளிருந்து தன் லைசென்ஸை உருவினார். பிளாஸ்டிக் உறை போட்டு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"இதுக்காக்கும் இவ்வளவு அழுகையும். பத்து நிமிசத்துல வாங்கினேன் நான். மக்கா, இந்தா, நீ இங்கிலீஷ் மீடியம்தானே? சத்தமா வாசி. உனக்க சித்தி கேக்கட்டும்."

இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. எழுந்து நின்று வாசித்தேன். மாமாவின் பெயர், தாத்தாவின் பெயர், வீட்டுப் பெயர், தபால் ஆபீஸ், ஒன்றும் விடவில்லை. கடைசியில் ஒரு தேதி இருந்தது. அதையும் நாள், மாதம், வருஷம் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். லைசென்ஸ் எந்த நாள் வரை செல்லும் என்று சொல்கிற தேதி அது. அம்மா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை போதவில்லை.

"நீ தப்பா வாசிக்கிற" என்றார் மாமா.

நான் மறுபடி வாசித்தேன். தேதி மாறவில்லை. உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்த சித்தி ஈரத்தோடு வெளியே வந்து, அட்டையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கண் அழுது சிவந்திருந்தது. ஆனால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதை அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணன், இது செத்து ஆறு வருசம் ஆச்சு."

பக்கத்து வீட்டில் ஒரு காலேஜ் பையன் இருந்தான். மாமா அவனை விளித்துக் கேட்டார். அவன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து, பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னான். கெடு தாண்டி இவ்வளவு நாள் ஆனதால் வெறுமனே புதுப்பித்துத் தரமாட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது மாமா எச்சு எடுக்க வேண்டும்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் ஊர் அனுபவித்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாமாவின் ஜீப்பில் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு ஒட்டப்பட்டது. பழகுகிறவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். எங்கள் சுற்றுவட்டத்தில் வேலைவெட்டி இல்லாமல் லைசென்ஸோடு இருந்தவன் அந்தக் காலேஜ் பையன் மட்டும்தான். அவன் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, மாமா மீசை துடிக்க ஜீப்பை ஓட்டிப் போனார். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். செக்போஸ்டில் கையைத் தூக்குவதை மாமா நிறுத்திவிட்டார்.

அந்தப் பையன் நல்லவன். ஒருநாள், சும்மா ஒரு தடவை சர்ச் முற்றத்தில் எச்சு போட்டுப் பார்க்கலாமே மாமா என்று கேட்டுவிட்டான்.

"எலே, உனக்க அப்பன் பெண்ணு கட்டப் போனது எனக்க ஜீப்புலயாக்கும். நீ எனக்கு எச்சு படிப்பிச்சுத் தாறியா?"

அதோடு அவன் கேட்கவில்லை. மாமாவும் ஒரு தடவைகூடப் பழகவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சித்திக்கு அவர் சொல்லும் அறிவுரை எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வாரத்தில் அவர் எங்கள் முற்றத்துக்கே வரவில்லை.

டெஸ்டுக்கு இருவருக்கும் ஒரே நாள் கிடைத்தது. தன் ராசிதான் சரியில்லையோ என்ற சந்தேகத்தில் அம்மா இந்தத் தடவை வீட்டிலேயே இருந்து ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டாள். ஜீப்பில் மாமா, பையன், சித்தி, நான். மாமா வழி முழுக்க இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சித்தி முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கால்விரலால் ஜீப்பின் தரையில் எட்டு வரைந்துகொண்டிருந்தாள்.

மைதானத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். ஓரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர்களின் ஸ்கூட்டர்கள் நின்றன. எட்டு போடுகிறவர்கள் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தொப்பி வைத்த இன்ஸ்பெக்டர் குடையும் நோட்டுமாக ஒரு மர நிழலில் நின்றார். முதலில் கார்கள், பிறகு ஸ்கூட்டர்கள் என்று அறிவித்தார்கள். மாமா ஒரு டீ வாங்கினார். பாதி குடிப்பதற்குள் அவர் பெயரை விளித்துவிட்டார்கள்.

"மக்கா, இதக் கொஞ்சம் பிடி" என்று கண்ணாடி கிளாஸை என்னிடம் நீட்டினார். நான் கையை வைப்பதற்குள் டீ கிளாஸுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை எகிறி, என் விரலில் சிந்தியது.

"சூடு" என்றார் மாமா.

டீ ஆறிப்போயிருந்தது. நான் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தேன். கூடை நிறைய மரச்சீனியை ஒற்றைக் கையால் தூக்கி ஜீப்பில் எறிகிற கை. அது காற்றில் வாழையிலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் முதலில் கிளம்பவே இல்லை. ஒரு குதி குதித்து அணைந்தது. தூக்கத்தில்கூடக் கிளப்பக்கூடிய ஜீப் அது. இரண்டாவது தடவை கிளம்பி முன்னால் போயிற்று. பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது சரியாகத்தான் இருந்தது. எனக்கே மூச்சு வந்தது. கடைசியாக ரிவர்ஸில் வரும்போது, கூட்டத்தில் யாரோ ஒருவர் மாமாவைத் தெரிந்தவர், "அண்ணாச்சி, ஒடிங்க, ஒடிங்க!" என்று நல்ல மனதோடு கத்தினார். மாமா ஒடித்தார். அது வேறு பக்கமாகப் போய்விட்டது. கம்பி சாய்ந்து கீழே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பக்கத்தில் வந்து, எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்று மலையாளத்தில் கேட்டார்: "சேட்டன் எத்ர கொல்லமாயி வண்டி ஓடிக்குந்நு?"

"இருபத்தஞ்சு கொல்லம், சாறே."

"அதாணு குழப்பம்" என்றார் இன்ஸ்பெக்டர், அதுதான் கோளாறே என்று, மிகவும் மரியாதையாக. அடுத்த தடவை வாருங்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜீப்பை ஓரத்தில் நிறுத்திவிட்டு மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. மீசைக்குக் கீழே உதடு வெளுத்திருந்தது. சித்தி வரிசையிலிருந்து அதைப் பார்த்தாள். அவ்வளவுதான். காகிதங்களை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவள் நடையே மாறியிருந்தது. ரப்பர் வெட்டுகிறவர் கை பிளந்தபோது துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்தாளே, அதே ஆள்.

"அண்ணன், சட்டைப் பட்டனக் கழத்துங்க. நெஞ்சு வலி உண்டா? கை மரக்குதா?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே."

"ஒண்ணும் இல்லேன்னு நானாக்கும் சொல்லணும்."

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் வாட்சைப் பார்த்து நாடி எண்ணினாள். எலுமிச்சம்பழத் தண்ணீர் விற்றவரிடம் பையனை விரட்டி, உப்புப் போட்டு வாங்கி வரச் செய்தாள். மாமா தப்பு செய்த பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் சித்தியின் பெயர் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. நான் போய்ச் சுடிதார் நுனியை இழுத்தேன்.

"வாறேன்னு சொல்லு" என்றாள் என்னிடம். பிறகு மாமாவிடம், "எழும்பப்படாது. முழுசும் குடிக்கணும். ஒரே மடக்கா குடிக்காண்டாம், கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிவிட்டு, ஏதோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யார் என்று பார்க்கப் போகிறவளைப் போல ஸ்கூட்டரில் ஏறினாள்.

அவள் போட்ட எட்டை நான் மறக்கமாட்டேன். சித்தி கம்பியைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஜீப்பின் பக்கம் திரும்பும்போதெல்லாம் கழுத்தை நீட்டி மாமாவைப் பார்த்தாள். ஒரு தடவை, ஹாண்டில் பாரைப் பிடித்திருந்த கையில் ஒரு விரலை மட்டும் தூக்கி, குடி என்று சைகைகூடக் காட்டினாள். வண்டி தன்பாட்டுக்குத் தண்ணீரில் தோணி திரும்புகிற மாதிரி திரும்பியது. கோட்டைத் தாண்டி வெளியே வந்து, இன்னும் நான்கு முழம் தாண்டித்தான் காலை ஊன்றினாள். ஸ்டாண்டு போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"குடிச்சாரா?"

"சித்தி, நீ எட்டு போட்டாச்சு" என்றேன்.

சித்தி திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். ஒரு கம்பிகூடச் சாயவில்லை. இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளை விளித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டே செய்தாள்.

திரும்பும்போது ஜீப்பை மூன்று மாத லைசென்ஸ்காரன்தான் ஓட்டினான். மாமா பக்கத்து சீட்டில். அமரவிளையில் டீக்கடை முன் நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தந்தார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சித்தி பாஸ் என்றதும் ஒரே ஆரவாரம். அடுத்து மாமாவுக்கு என்னாச்சு என்று கேட்டார்கள். மாமா பழம்பொரியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் வேணும்னே முட்டினதாக்கும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பின்ன? இவளுக்குப் பயம் தெளியண்டாமா? இருபத்தஞ்சு வருசம் ஓட்டினவனே முட்டுறான், நமக்கென்னன்னு தோணணும்லா. அதுக்கு வேண்டித்தான். கடைசி வரைக்கும் சரியாக் கொண்டு வந்து, பாத்து, மெல்ல ஒரு தட்டு."

டீக்கடையில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். தங்கைக்காகத் தன் லைசென்ஸையே விட்டுக்கொடுத்த அண்ணன். ஒரு பெரியவர் மாமாவின் தோளைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. டீ சிந்திய விரல் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இல்லை, மாமாவுக்குக் கை நடுங்கியது, நான் பார்த்தேன், முதலில் ஜீப்பே கிளம்பவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் சித்தி ஒரு முழுப் பழம்பொரியைத் திணித்தாள். நான் அதோடு போராடிக்கொண்டிருந்தபோது அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உள்ளதுதான். அண்ணன் இல்லேன்னா இன்னைக்கும் நான் தோத்துத்தான் வந்திருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அதையே சொன்னாள். நாடி பார்த்தவளே அவள்தான். அவளுக்குத் தெரியாதா? பெரியவர்கள் கோவிலுக்குள் நின்றுகொண்டுகூட இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அம்மாவிடம் மட்டும் ரகசியமாக டீ விஷயத்தைச் சொன்னேன். அம்மா, நீ வாயை மூடிக்கொண்டு படி என்றாள். மாமாவும் அந்தக் கதையை விடவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் சேர்ந்தால் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கம்பியைத் தட்டியது இன்னும் மெதுவாக, இன்னும் நுட்பமாக ஆகிக்கொண்டே வருகிறது. சித்தி பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.

சித்தி வேலையில் சேர்ந்தாள். மாமாவுக்கு அடுத்த டெஸ்ட் வந்தபோது அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். ஊரில் யாரிடமும் தேதியைச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள். லைசென்ஸுக்காக வரும் காலேஜ் பையனைத் தவிர, நான் அழுது புரண்டதால் என்னை மட்டும் கூட்டிக்கொண்டார்கள். ஜீப்பில் போகும்போது, சித்தி மாமாவுக்கு ஏதாவது சொல்லிக் கொடுப்பாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் அவளுக்கு எவ்வளவு சொன்னார்! அவளோ, தான் பார்க்கப் போகிற வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் படுத்திருக்கும் வயசான அப்பச்சன் பாளயங்கோடன் பழம் வேண்டாம், கதலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம். நம்முடைய தோட்டத்தில் கதலி எப்போது பழுக்கும் அண்ணா என்று கேட்டாள். மாமா குலை குலையாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மைதானம் வந்தது அவருக்கே தெரியவில்லை.

பையனை டீக்கடையில் இருக்கச் சொல்லிவிட்டாள். மாமாவின் பெயரை விளித்ததும், என் தோளைப் பிடித்துத் திருப்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நிற்கவைத்தாள். தானும் அப்படியே நின்றுகொண்டாள்.

"சித்தி, மாமா எச்சு போடப் போறாரு!"

"தெரியும்."

"நாம பாக்காண்டாமா?"

"பாக்காண்டாம். நீ அந்தப் பஸ்ல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

பஸ்ஸில் பாறசாலை என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. வாசித்தேன். அடுத்தது களியக்காவிளை. பின்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் தலையைத் திருப்பினேன். சித்தியின் உள்ளங்கை என் கன்னத்தில் வந்து, மெதுவாக மறுபடி ரோட்டின் பக்கம் திருப்பிவைத்தது. ஜீப் முன்னே போகிறது, நிற்கிறது, பின்னே வருகிறது. எல்லாம் காதால்தான். எவ்வளவோ நேரம் கழித்து மாமா பின்னாலிருந்து வந்து எங்கள் இருவர் தலையிலும் கை வைத்தார். கை சூடாக, அசையாமல் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரே புகார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் போயும் என்னை ஒன்றும் பார்க்கவிடவில்லை. கூடப் பிறந்த அண்ணன் பாஸாகிறார், அவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மாமா இவளுக்காக மூன்று தடவை ஜீப் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கத்தினாரே, அந்தப் பாசத்தில் பாதிகூட சித்திக்குக் கிடையாது என்று சொல்லி முடித்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, ஆமா, உனக்க சித்திக்குக் கல்லு மனசுதான் என்றாள். எனக்கு அது ரொம்ப நாள் திருப்தியாக இருந்தது.